விளங்காமல் சொன்ன ஓம்

சரகோசாவில் முதல் நாளே பசி என்னைத் தோற்கடித்தது. கையில் பணம் இருந்தது. தெரு நிறைய உணவகங்களும் இருந்தன. ஆனால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்குச் சாப்பாடு தர அங்கே ஒருவரும் தயாராக இல்லை. முதற்கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் சுவர் மணிக்கூட்டைக் காட்டி, இரண்டு மணிக்கு வரச் சொன்னார். அடுத்த கடையிலும் அதே கதை. நான் பிறந்து வளர்ந்த லாங்கன்தாலில் பன்னிரண்டு அடித்தால் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், வங்கி எல்லாம் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். இங்கே அந்த நேரத்தில் மனிதர்கள் இரண்டாவது காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். கடைசியில் ஒரு பேக்கரியில் நீளப் பாண் ஒன்றை வாங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றபடி வெறும் பாணாகவே தின்றேன்.

அந்தக் காற்றுக்கு ஒரு பெயர் உண்டு: சியெர்சோ. எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே வந்து, நகரத்துக்குள் நுழைந்து, கதிரைகளைக்கூட உருட்டிக்கொண்டு போகும். இரண்டாம் நாள் மழைக்கு ஒரு குடை வாங்கினேன். கடை வாசலைத் தாண்டுவதற்குள் அது பின்பக்கமாக விரிந்து கம்பிகளாகிவிட்டது. விற்றவர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அன்று மாலை அம்மா போன் எடுத்தார். லாங்கன்தாலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவர் அவர். முதல் கேள்வியே, “சாப்பிட்டியோ பிள்ளை?”

“இன்னும் இல்லை அம்மா. இஞ்சை ஒன்பது, பத்துக்குத்தான் சாப்பிடுவினம்.”

அம்மா, அந்தச் சனத்துக்கு விடியக் காலமை வேலை வெட்டி ஒன்றும் இல்லையோ என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் மறுநாள் காலை நான் எழும்பும்போது தெருவைக் கழுவி முடித்திருந்தார்கள்.

2016இல், பேர்ணில் கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அரையாண்டு படிக்க அங்கே போயிருந்தேன். சுவிஸில் படித்தால் மாடு, மாடு, மறுபடியும் மாடு. எனக்குச் செம்மறி ஆடு பிடித்திருந்தது. செம்மறியைப் படிக்க வேண்டுமானால் அவை நிறைந்திருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்? சரகோசாவைச் சுற்றியுள்ள வறண்ட மேட்டுநிலம் முழுக்க ஆட்டுப் பட்டிகள். இரண்டு வருடம் மாலை வகுப்பில் ஸ்பானியமும் படித்திருந்தேன். அந்தப் பாடப் புத்தகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். சரகோசாவில் ஒருவரும் காத்திருக்கவில்லை.

நான் வாடகைக்கு எடுத்த அறை ஒரு நாலாம் மாடி வீட்டில் இருந்தது. கூட இருந்தவள் பிலார், சட்டம் படிப்பவள். அந்த நகரத்தின் மாதா கோவிலும் பிலார்தான், பெண்களில் பாதிப் பேரும் பிலார்தான் என்பதால் இவளைப் பிலி என்று கூப்பிட்டார்கள். தெருவேல் மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். தொலைக்காட்சி ஓட, போனும் காதில் இருக்க, என்னோடும் கதைப்பாள். வெள்ளிக்கிழமை மரக்கறிதான் சாப்பிடுவேன் என்று முதல் கிழமையே சொல்லிவைத்தேன். அந்த வெள்ளி அவளே பருப்புச் சமைத்தாள். கரண்டியில் சிவப்பாக ஏதோ வந்தது. கேட்டேன். “அது இறைச்சி இல்லை, சொரிசோ. ருசிக்குப் போட்டது” என்றாள். பன்றி இறைச்சியில் செய்த அந்தத் தொத்திறைச்சியை அவள் உண்மையிலேயே இறைச்சிக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைச் சமையலை நான் எடுத்துக்கொண்டேன்.

சந்தையில் எனக்கு வேறு தொல்லை. மரக்கறிக் கடையின் முன்னால், சுவிஸில் நிற்பதுபோல், மற்றவரிடமிருந்து ஒரு கை தூரம் விட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பேன். எனக்குப் பின்னால் வந்த பெண் வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்குப் பின்னால் வந்த கிழவரும் வாங்கிக்கொண்டு போவார். நிறம் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். வருகிறவர் எவரானாலும் முதலில், “யார் கடைசி?” என்று சத்தமாகக் கேட்கிறார். ஒருவர் கையை உயர்த்துகிறார். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் போய் நின்று ஊர்க்கதை கதைக்கலாம், உங்கள் இடம் உங்களுடையது. வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. கேட்காதவர் அதில் இல்லை.

அடுத்த நாள் நானும் கேட்டேன். குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல வந்தது. ஒரு கிழவர் ஊன்றுகோலை உயர்த்தினார். என் முறை வந்ததும் கடைக்காரர் பெயரைக் கேட்டார். மதுரா என்றேன். அவர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் காதில் அது ‘மதூரா’ என்று விழுந்திருக்கிறது. ஸ்பானியத்தில் அதற்குப் பழுத்தது என்று பொருள். அன்று முதல் நான் தூரத்தில் வரும்போதே, “பழுத்தவள் வருகிறாள்” என்று தக்காளிக்கு மேலால் கூவுவார். சுவிஸில் உயர்பள்ளி இறுதிப் பரீட்சைக்கு ‘மத்தூரா’ என்று பெயர். பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பகிடியைத் தாங்கியவள் இதையும் தாங்கிக்கொண்டேன்.

ஆனால் படிப்பு பகிடியாக இருக்கவில்லை.

கிழமையில் மூன்று நாள், டொக்டோரா பெலென் என்று எல்லோரும் அழைக்கும் பேராசிரியை எங்களில் ஐந்து பேரை வேனில் ஏற்றி ஆட்டுப் பட்டிகளுக்குக் கூட்டிப் போவார். ஐம்பது வயது இருக்கும். குட்டையான முடி, பெரிய குரல். பட்டிக்காரர் தன் ஆடுகளுக்கு என்ன நடந்தது என்று சொல்ல, மாணவர்கள் கேள்வி கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டிக்காரர்கள் சொற்களின் பாதியை வாய்க்குள்ளேயே விழுங்குபவர்கள். மற்ற நால்வரும் அந்த ஊர்க்காரர். எனக்கு ஒரு வசனத்தில் இரண்டு சொல் பிடிபடும். மிச்சத்துக்கு நான் தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் ‘சீ’ என்றேன். எங்கள் ஓம்தான் அவர்களின் சீ. சொல்வதற்கு அதைவிட இலகுவான சொல் எந்த மொழியிலும் இல்லை.

மூன்றாம் கிழமை, ஒரு பட்டியில், டொக்டோரா என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். நான் சீ என்றேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, “இப்போது நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்.

நான் ஆடுகளைப் பார்த்தேன். அவைகூட உதவிக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது என்னை முன் இருக்கையில் உட்காரச் சொன்னார். கோபமாக இல்லை, தெளிவாக, என் காதுக்கு ஏற்ற வேகத்தில் கதைத்தார். “உனக்குக் கை நன்றாக இருக்கிறது. விலங்குகள் உன்னிடம் பயப்படவில்லை. ஆனால் விளங்காமல் தலையாட்டுகிற வைத்தியரை நான் பட்டிக்குள் விடமாட்டேன். அவர் ஒருநாள் எதையாவது கொன்றுவிடுவார். ஈஸ்டருக்குப் பிறகு நீயே தனியாகப் பட்டிக்காரரிடம் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் மிச்ச மாதங்கள் ஆய்வுகூடத்தில் இரு.”

ஆய்வுகூடத்தில் இருந்தால் அந்த அரையாண்டு பேர்ணில் கணக்கில் சேராது. திரும்பிப் போய் மறுபடி படிக்க வேண்டும். அதைவிட, வீட்டில் சொல்ல வேண்டும். நான் மருத்துவத்தை விட்டுக் கால்நடையைத் தேர்ந்தபோது அப்பா ஏசவில்லை, தடுக்கவில்லை. இரண்டு நாள் குறைவாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான். அந்த மனிதரிடம் போய், ஆடு என்ன சொல்கிறது என்று விளங்குகிறது, ஆட்டுக்காரர் சொல்வதுதான் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அன்று மாலை பிலியிடம் ஒரு ஒப்பந்தம் செய்தேன். இனி என்னோடு ஒரு ஆங்கிலச் சொல்லும் கதைக்கக்கூடாது. நான் விளங்காமல் தலையாட்டினால், “என்ன சொன்னேன்?” என்று கேட்க வேண்டும். பதிலுக்கு நான் சமைப்பேன். அவள் உடனே சம்மதித்தாள். அவள் சமையலை அவளே விரும்பியதில்லை.

அந்தக் கிழமைகள் எனக்கு நல்ல நினைவில் இருக்கின்றன. மற்ற நாட்டு மாணவர்கள் கூடும் இடங்களுக்குப் போவதை நிறுத்தினேன். டிராமில் வேண்டுமென்றே கதைக்கிற ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றேன். ‘எனக்கு விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள்’ என்பதை ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது. சொல்லும் ஒவ்வொரு முறையும் முகம் சூடாகும். நாங்கள் சுவிஸில் ஒரு ஆளை ஒருமுறைக்கு மேல் திருப்பிச் சொல்லவைத்தால் அது அவரைத் தொந்தரவு செய்வது. இங்கே மூன்றாம் முறை கேட்டால் அந்த ஆள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கையால் காற்றில் படம் வரைந்து விளக்கினார். பக்கத்தில் நின்றவரும் சேர்ந்துகொண்டார். ஒருமுறை மருந்துக் கடையில் இருமலுக்கு மருந்து கேட்கப் போய், கடையிலிருந்த எல்லோரும் என் இருமல் எப்படிப்பட்டது என்று விவாதித்து, கடைசியில் அவர்கள் இருமிக் காட்ட, நான் சரியானதைத் தெரிவு செய்தேன்.

தமிழும் ஒரு இடத்தில் கைகொடுத்தது. மாலை வகுப்பில் சுவிஸ்காரர் பாதிப் பேர் திணறிய ‘ஞ’ ஓசை எனக்கு ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று சொல்வதுபோல இலகுவாக வந்தது. பிலியின் அம்மா கிராமத்திலிருந்து பஸ்ஸில் அனுப்பும் பொராஹா என்ற கீரையின் தண்டைத் தேங்காய்ப் பாலில் சமைத்துக் கொடுத்தேன். இதை அவர்கள் உருளைக்கிழங்கோடு அவித்து எண்ணெய் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். பிலி முதல் வாயில் முகத்தைச் சுளித்தாள், பிறகு சட்டியை வழித்தாள். தன் அம்மாவிடம் போனில் செய்முறையைச் சொல்லப்போய், தேங்காய்க்கு ஸ்பானியத்தில் என்ன சொல்வது என்று அவளுக்கே மறந்துபோகும் அளவுக்கு அவர்கள் அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஈஸ்டர் விடுமுறைக்குத் தன் ஊருக்கு வரச் சொல்லி, பிலி ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டாள். நான் தெருவேல் நகரம் வரை ஒரு பஸ்ஸில் போய், அங்கே மாறி அவளுடைய ஊரான வில்லாருக்குப் போக வேண்டும். தெருவேலில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வில்லார் என்றேன். உள்ளே இருந்தவர் வேகமாக, நீளமாக ஏதோ கேட்டார். என் பின்னால் ஆட்கள் நின்றார்கள். பஸ்ஸின் இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. இத்தனை கிழமை நான் செய்த பயிற்சியெல்லாம் எங்கே போனதோ, சீ என்றேன்.

பஸ் மலைச்சரிவில் ஏறி, வளைந்து, மண்ணிறக் கற்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் என்னை இறக்கிவிட்டுப் போனது. என்னைத் தவிர வேறு எவரும் இறங்கவில்லை. பிலியைக் காணவில்லை. போன் எடுத்தேன்.

“எங்கே நிற்கிறாய்?”

“வில்லாரில்.”

“நானும் வில்லாரில்தான் நிற்கிறேன். என்ன தெரிகிறது உனக்கு?”

மணிக்கூண்டில்லாத ஒரு தேவாலயம், பூட்டிய மதுக்கடை ஒன்று, பெரிய நீர்த்தொட்டி ஒன்று என்றேன். பிலி சிரிக்கத் தொடங்கினாள். வில்லார் என்று தொடங்கும் ஊர்கள் அந்த மாகாணத்தில் ஒரு கை விரல்களுக்கு மேல் இருக்கின்றன. டிக்கெட்காரர் எந்த வில்லார், இதுவா என்று கேட்டிருக்கிறார். திரும்பிப் போகும் பஸ் மறுநாள்தான். தன் அண்ணனின் காரில் வந்து ஏற்றுவதாகவும், மலையைச் சுற்றி வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றும் பிலி சொன்னாள்.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்கவாவது ஒரு மனிதரைத் தேடி நடந்தேன். ஊர் முடிகிற இடத்தில் ஒரு ஆட்டுப் பட்டி இருந்தது. அதன் வாசலில் ஒரு பெண் போனைக் காதில் வைத்து, மறுமுனையில் எவரும் எடுக்காததால் அதை ஏசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். அந்த ஊரில் என்னைப் போன்ற ஒருத்தியை அவர் முன்பு கண்டிருக்கமாட்டார். யார், எங்கிருந்து வருகிறாய், இங்கே என்ன வேலை என்று கேட்டார். ஊர் மாறி வந்து இறங்கியதைச் சொன்னேன். சரகோசாவில் என்ன செய்கிறாய் என்றார். கால்நடை மருத்துவம் படிக்கிறேன் என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அவர் பெயர் அசூன். கணவர் கண் வலிக்காக நகரத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போயிருந்தார். வைக்கோலின் மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. காலையிலிருந்து முக்குகிறது, குட்டி வரவில்லை. வட்டாரத்து வைத்தியர் போனை எடுக்கவில்லை. வழக்கமாக இப்படியான வேலையைச் செய்பவர் கணவர்தான், தன் விரல்கள் வாதத்தால் விறைத்துவிட்டன என்று சொல்லிக் கைகளைக் காட்டினார். இவ்வளவையும் நான் இரண்டு இடத்தில் நிறுத்தி, திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். தலையாட்டவில்லை. எப்போது தொடங்கியது, தண்ணீர்க்குடம் எப்போது உடைந்தது, போன வருடம் எத்தனை குட்டி போட்டது என்று கேட்டேன். அவர் பொறுமையில்லாமல், ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான் படிக்கும் மாணவி மட்டும்தான், தனியாக இதைச் செய்ததில்லை, முதலில் என் பேராசிரியையைக் கேட்க வேண்டும் என்றேன். “கேள், ஆனால் கெதியாகக் கேள்” என்றார்.

டொக்டோரா பெலென் எடுத்தபோது பின்னால் தட்டுகளும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. விடுமுறை நாள், சாப்பாட்டு நேரம். நான் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் தூரப் போனது. ஏதோ ஒரு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது. கையைக் கழுவச் சொன்னார். அசூன் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் நீளக் கையுறையும் கொண்டுவந்தார். போனை என் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முழந்தாளில் நின்றார்.

“என்ன தட்டுப்படுகிறது?”

“தலை. ஒரு கால். மற்றக் கால் இல்லை.”

“அந்தக் கால் முன்னங்காலா, பின்னங்காலா? இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்குகிறதா?”

‘மடங்கு’ என்பதற்கான ஸ்பானியச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “டொக்டோரா, விளங்கவில்லை” என்றேன். அவர் வேறு சொல்லால் சொன்னார். அதுவும் விளங்கவில்லை என்றேன். அசூன் போனைப் பிடித்த கையை எடுக்காமல், தன் மற்றக் கையை என் முகத்துக்கு முன் நீட்டி முழங்கையை மடக்கிக் காட்டினார். அப்போது விளங்கியது. விரலால் தடவிப் பார்த்து, ஒரே பக்கம்தான், முன்னங்கால் என்றேன். இல்லாத காலைத் தேடி உள்ளே போனேன். அது பின்னால் மடிந்து கிடந்தது. குளம்பு என்ற சொல் எனக்கு எத்தனையோ தரம் வகுப்பில் வந்த சொல். அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. “காலின் சப்பாத்தைப் பிடித்துவிட்டேன்” என்றேன்.

டொக்டோரா சிரிக்கவில்லை. “நல்லது. சப்பாத்தை உன் உள்ளங்கைக்குள் மூடிக்கொள். இல்லாவிட்டால் அது கருப்பையைக் கீறிவிடும். தலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, காலை முன்னுக்கு எடு. அவள் முக்கும்போது மட்டும் இழு.”

ஆடு முக்கும்போது இழுத்தேன். குட்டி வந்தது. அதற்கு உயிர் இருக்கவில்லை. வைக்கோலால் தேய்த்தேன், மூக்கைத் துடைத்தேன், பின்னங்கால்களைப் பிடித்து ஆட்டினேன். நேரம் கடந்திருந்தது. அசூன் அதை எடுத்து ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு, போனை மறுபடியும் என் காதில் வைத்தார்.

“செத்துவிட்டது, டொக்டோரா.”

“சரி. உள்ளே இன்னொன்று இருக்கிறதா பார்.”

இருந்தது. இரண்டு முன்னங்கால், தலை, எல்லாம் ஒழுங்காக. நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, வழிகாட்டினேன். மஞ்சள் பூசியதுபோல் ஒரு பெட்டைக்குட்டி வைக்கோலில் வழுக்கி விழுந்து தும்மியது. தாய் திரும்பி அதை நக்கத் தொடங்கியது. டொக்டோரா போனில் அந்தத் தும்மலைக் கேட்டிருக்கிறார். பிறகு செய்ய வேண்டியவற்றைச் சொல்லி, வட்டாரத்து வைத்தியர் கட்டாயம் இன்றே வந்து தாயைப் பார்க்க வேண்டும் என்று அசூனிடமும் சொல்லிவிட்டு, தன் சாப்பாடு ஆறிப்போயிற்று என்றார்.

பிலி வந்து சேர்ந்தபோது நான் அசூனின் சமையலறையில் பொரித்த முட்டை இரண்டைப் பாணால் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்துத் தட்டில் இருந்த பன்றி இறைச்சியை, அன்று வெள்ளிக்கிழமை என்று விளக்கி, மரியாதையாகத் தள்ளி வைத்திருந்தேன். அது அவர்களுக்கும் இறைச்சி சாப்பிடக்கூடாத பெரிய வெள்ளிதான். அசூனுக்கு அது மறந்துபோயிருந்தது. நினைவு வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு தானும் தள்ளி வைத்தார்.

ஈஸ்டர் முடிந்த கிழமை வேனில் ஏறினேன். அன்று போன பட்டியின் சொந்தக்காரர் நெடுநெடுவென்று வளர்ந்த, எவரையும் நேராகப் பார்க்காத மனிதர். டொக்டோரா என்னைக் காட்டி, இவள்தான் இன்று கேட்பாள் என்றார். அவர் ஆட்டின் காலைப் பற்றித் தொடங்கி, மழையைப் பற்றி, அரசாங்கத்தைப் பற்றி, மைத்துனரின் நிலத்தைப் பற்றி, மூச்சுவிடாமல் சொன்னார். நடுவில் புகுந்தேன். எப்போதிலிருந்து நொண்டுகிறது? எந்த மேய்ச்சலில் விட்டிருந்தீர்கள்? எத்தனை ஆட்டுக்கு? ஒரு சொல் விளங்கவில்லை, கேட்டேன். அவர் சொன்னார். இன்னொன்றும் விளங்கவில்லை, அதையும் கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது டொக்டோராவைக் காணவில்லை. அவர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, தன் சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆய்வுகூடத்தைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை.

யூன் மாதம் அம்மாவும் அப்பாவும் என்னையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகக் காரிலேயே வந்தார்கள். வழியில் பிரான்சில் ஒரு இரவு தங்கி, இடியப்பமும் சம்பலும் பெட்டியில் கட்டி. அவர்கள் வந்த அன்று அசூன் போன் எடுத்தார். அடிக்கடி எடுப்பார். அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்றேன். கூட்டிக்கொண்டு வா என்றார். மறுக்க முடியாத தொனியில்.

பட்டிக்கு முன்னால் ஒரு மரத்தின் கீழ் மேசை போட்டிருந்தார். அம்மா கொண்டுபோன வடைகளை அசூன் முகர்ந்து பார்த்து, ஒன்றைத் தின்று, இன்னொன்றைக் கணவருக்கென்று பத்திரப்படுத்தினார். அப்பா அதிகம் கதைப்பவரல்ல. லாங்கன்தால் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்து, சத்தம் போட்டுக் கதைக்க வேண்டியவற்றை மட்டும் கதைக்கப் பழகியவர். என் சிறு வயதிலிருந்து நகரசபையிலும் டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் ஜெர்மனில் சொல்வதை அவருக்குத் தமிழிலும், அவர் சொல்வதை ஜெர்மனிலும் நான்தான் சொல்லிவந்தேன். அன்று முதல் தரம் வேறு மொழி.

சாப்பாட்டின் நடுவில் அப்பா, “இவ எப்பிடி வேலை செய்தவ எண்டு அந்த அம்மாட்டைக் கேள்” என்றார்.

“என்னைப் பற்றி நானே எப்பிடி அப்பா கேக்கிறது?”

“நீ கேக்கேல்லை, நான்தானே கேக்கிறன். நீ சொல்லுறது மட்டும்தான்.”

நான் சொன்னேன். அசூன் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கதைத்தார்.

“முதல் குட்டி செத்துத்தான் வந்தது என்று அவருக்குச் சொல்.”

சொன்னேன்.

“அதைக் கண்டதும் இவள் அழுதாள் என்று சொல்.”

நான் நிறுத்தினேன். அது அம்மா அப்பாவிடம் போனிலோ பிலியிடமோ நான் சொல்லாத விஷயம். அசூன் மேசையில் விரலால் தட்டினார். “சொல்.”

“நான் அழுதனானாம் அப்பா.”

“அழுதுகொண்டே கையை மறுபடியும் உள்ளே விட்டாள் என்று சொல். அதனால்தான் இரண்டாவது இருக்கிறது.”

அதையும் சொன்னேன். தமிழில் அது ஸ்பானியத்தைவிட நீளமாக வந்தது. அம்மா என் முதுகில் கையை வைத்தார். அப்பா தட்டைத் தள்ளிவைத்து எழுந்து, அந்தக் குட்டி எது என்று பட்டிப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார். அவர் கேட்டது தமிழில். ஆனால் அசூன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு முன்னால் நடந்தார். அந்தக் குட்டியை அவர் விற்காமல் வைத்திருந்தார்.

அப்பா பயணத்துக்கென்று போட்டுவந்த நல்ல சப்பாத்தோடு பட்டிக்குள் இறங்கினார். ஒரே மாதிரி இருக்கும் நூறு ஆடுகளுக்கு நடுவே அசூன் ஒன்றைப் பிடித்து நிறுத்தினார். அப்பா குனிந்து அதன் காதைத் தொட்டார், ஏதோ கேட்டார். அசூன் ஏதோ சொன்னார். அப்பா மறுபடி கேட்டார், அசூன் கைகளை அகல விரித்து நீளமாக விளக்கினார். நான் மேசையருகே எழுந்து நின்று, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.